காட்டுப் பிளம் மரமும் வேட்டை நிலமும்

வேட்டை என்று சொன்ன மாத்திரத்தே நம் மனக்கண் முன் வந்து நிற்பவை வில்லும் துப்பாக்கியும் வேட்டை நாயும் விரைந்தோடும் மானுமே. அந்த மான் எதைத் தின்று வளர்ந்தது, வெயில் கொளுத்தும் உச்சிப் பொழுதில் எந்த நிழலிற் படுத்திருந்தது, பருந்து வட்டமிட்டபோது காடைக் குஞ்சு எந்த முட்பற்றைக்குள் ஓடி ஒளிந்தது என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. வேட்டையாடுவோனுக்கும் வேட்டையாடப்படும் விலங்குக்கும் நடுவே மரம் ஒன்று நிற்கின்றது. அம் மரம் இல்லையேல் விலங்கில்லை. விலங்கு இல்லையேல் வேட்டையும் இல்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய மரம் ஒன்றின் வரலாறேயாகும். அது வட அமெரிக்காவின் காட்டுப் பிளம் மரம்.

பிளம் என்னுங் கனி நேயர்களுக்கு முற்றிலும் புதியதன்று. நாட்டு மருந்துக் கடைகளிலே ஆல்பகோடா என்ற பெயரில் விற்கப்படுவது உலர்ந்த பிளம் கனியே. ஆயின், அக்கனி ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரிய இனங்களைச் சேர்ந்தது. வட அமெரிக்காவுக்கே உரிய பிளம் இனங்கள் வேறு பல உள. அவற்றுள் இரண்டு நம் கதைக்கு முக்கியமானவை. ஒன்று, அத்திலாந்திக் கரையோர நாடுகள் தொடங்கி மேற்கே ரொக்கி மலைச்சாரல் வரை பரந்து வளரும் அமெரிக்கப் பிளம். மற்றையது, தென்கிழக்கு மாநிலங்களிலும் ஒக்லகோமா, ரெக்சாஸ், கன்சாஸ் ஆகிய தென் சமவெளிகளிலும் காணப்படும் சிக்கசோ பிளம். சமவெளி மக்கள் இதனை மணற்பிளம் என்றும் அழைப்பர். இவ்விரண்டுக்கும் தாவரவியல் முறைப்படி பெயர் சூட்டியவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹம்பிரி மார்ஷல் என்பவர். 1785ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் முன்னையது புரூனஸ் அமெரிக்கானா எனவும், பின்னையது புரூனஸ் அங்குஸ்டிபோலியா எனவும் பெயர் பெற்றன.

பெயர் 1785இல் வந்ததாயினும், மரமும் அதன் பயனும் அதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நிலத்து மக்களுக்குத் தெரிந்திருந்தன. 1539 முதல் 1543 வரை பொன்னைத் தேடித் தென்கிழக்கு அமெரிக்காவை ஊடறுத்துச் சென்ற ஸ்பானியத் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோவின் படையெடுப்பைப் பற்றி, அதில் உடன் சென்ற போர்த்துக்கேயர் ஒருவர் எழுதிய நூல் 1557இல் அச்சாயிற்று. அந்நூலில், அவர்கள் கடந்து சென்ற ஊர்களிலே பிளம் கனிகள் கிடைத்தமை பற்றிய குறிப்புகள் உள்ளன. தேடிச் சென்ற பொன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. டி சோட்டோவும் 1542இல் மிசிசிப்பி ஆற்றங்கரையிலே மாண்டார். ஆனால், பசித்த படைவீரருக்கு அந்நாட்டுச் சோளத்தோடு அந்நாட்டுக் கனிகளும் உணவாயின.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர், 1773 முதல் சில ஆண்டுகள் தென் மாநிலங்களிற் சுற்றுப்பயணஞ் செய்த தாவரவியலாளர் வில்லியம் பாட்ரம், மிகவும் கருத்தூன்றத்தக்க செய்தியொன்றைக் கண்டறிந்தார். 1791இல் வெளியான தமது பயண நூலிலே அவர் அதனைக் குறித்துள்ளார். சிக்கசோ பிளம் மரத்தைத் தாம் அடர்ந்த காட்டினுள்ளே காணவில்லை என்றும், பூர்வ குடிகள் வாழ்ந்து பின் கைவிட்டுப்போன பழைய பயிர்நிலங்களிலேயே கண்டதாகவும் அவர் எழுதினார். ஆகவே, மிசிசிப்பிக்கு அப்பாலுள்ள தென்மேற்குத் திசையிலிருந்து சிக்கசோ மக்கள் இதனைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். மரம் இன்றும் அம் மக்களின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பாட்ரமின் ஊகத்தை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். கைவிடப்பட்ட ஊர்களில் பிளம் மரம் நின்றமைக்கு இரண்டு காரணங்கள் கூறலாம். முதலாவது, மக்கள் அதனைக் கொண்டுவந்து நட்டிருக்கலாம். அன்றேல் தின்று வீசிய கொட்டைகள் ஊர்ப்புறத்தே முளைத்திருக்கலாம். இரண்டாவது, பிளம் மரம் வெயிலை விரும்புவது. பெருமரங்களின் நிழலில் அது பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை, நெடுநாள் வாழ்வதுமில்லை. மக்கள் காட்டை வெட்டியும் தீயிட்டும் திறந்துவிட்ட நிலத்தில் அதற்கு வாழ்வு கிடைத்திருக்கலாம். இவ்விரு காரணங்களுள் எதனைக் கொண்டாலும் முடிபு ஒன்றே. காட்டுப் பிளம் என்று நாம் சொல்லும் மரம் மனிதனின் கைபடாத காட்டுக்குரியதன்று. மனிதன் வாழ்ந்து, உழுது, வேட்டையாடி, நெருப்பிட்டுப் பேணிய நிலத்தின் ஓரத்திலே அது தழைத்தது. அதன் பெயரில் உள்ள 'காட்டு' என்னுஞ் சொல், அதனைப் பேணிய மக்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது.

வடக்கே, மிசூரி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே. அங்கு வாழ்ந்த குடிகளின் தாவர அறிவைத் தொகுத்து மெல்வின் கில்மோர் என்னும் அறிஞர் 1919இல் ஒரு நூல் வெளியிட்டார். காட்டுப் பிளம் பூக்கும் காலத்தையே ஒமாகா மக்கள் சோளமும் போஞ்சியும் பூசணியும் விதைப்பதற்குரிய காலமாகக் கொண்டனர் என அதிற் காண்கின்றோம். பஞ்சாங்கம் இல்லாத இடத்தில் மரமே பஞ்சாங்கமாயிற்று. நிலம் சூடேறியதா, பனி நீங்கியதா என்பதை மனிதனைவிட மரம் நன்கறியும் என்ற பட்டறிவு அதிலே பொதிந்து கிடக்கின்றது. பழங்களைப் பச்சையாகவும் சமைத்தும் உண்டதோடு, வெயிலில் உலர்த்தி மாரிகாலத்துக்கென்று சேமித்தும் வைத்தனர். கொட்டைகளில் அடையாளம் பொறித்துத் தாயக் காய்களாக உருட்டி விளையாடினர். இளங்கிளைகளைச் சேர்த்துக் கட்டித் துடைப்பமாக்கினர். ஒரு மரம் உணவாகவும் நாட்காட்டியாகவும் விளையாட்டுப் பொருளாகவும் வீட்டுப் பொருளாகவும் விளங்கியதெனின், அம் மரம் நின்ற இடத்தை அவர்கள் எத்துணைக் கவனத்தோடு அறிந்து வைத்திருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வேட்டைக்கும் பிளம் மரத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சிறந்த சான்று 1804ஆம் ஆண்டிற்கு உரியது. அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்க அரசின் பணிப்பின்படி மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவரும் மிசூரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றனர். செப்டம்பர் 17ஆம் நாள், இன்று தென் டக்கோட்டா எனப்படும் பகுதியிலே, லூயிஸ் துப்பாக்கியோடு கரையிறங்கி வேட்டைக்குப் புறப்பட்டார். பழங்கள் முற்றிக் கனிந்து தொங்கும் பிளம் தோப்பொன்றினூடாக அவர் நடந்து சென்றார். அதன் அப்பால் விரிந்த புல்வெளியிலே மானும் மறிமானும் பைசன் எனப்படும் காட்டெருதும் கூட்டங் கூட்டமாய் மேய்ந்தன. ஒரே பார்வையில் அகப்பட்ட எருதுகள் மட்டும் 3000 இருக்கும் என அவர் நாட்குறிப்பில் மதிப்பிட்டார். பழத்தோப்பும் விலங்குக் கூட்டமும் ஒரே நாளிலே, ஒரே மனிதரின் கண்ணில் பட்டன. அவை தற்செயலாய் அருகருகே இருந்தவையல்ல. ஒரே நில வாழ்வின் இரு பக்கங்களாய் இருந்தவை.

அந்நில வாழ்வு அதன் பின்னர் நூறாண்டு கூட நிலைக்கவில்லை. 1830இல் ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ், பூர்வ குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றுவதற்குச் சட்டம் இயற்றியது. 1832இல் சிக்கசோ மக்கள் தம் தாயக நிலத்தைக் கைவிடும் உடன்படிக்கையில் ஒப்பமிட நேர்ந்தது. 1837 முதல் அவர்கள், பிற்காலத்தில் ஒக்லகோமா என்றாகிய பிரதேசத்துக்குப் பெயர்ந்து சென்றனர். மக்கள் போயினர், அவர்கள் பெயர் கொண்ட மரம் பழைய ஊர் மனைகளிலே தனித்து நின்றது. புதிய பிரதேசத்தின் மணல் நிலங்களிலும் அதே மரம் அவர்களை எதிர்கொண்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. மேற்குச் சமவெளியிலோ, தோலுக்காகவும் பிறவற்றுக்காகவும் நிகழ்ந்த பெருவேட்டையினால், கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருதுகள் 1880களின் இறுதியில் சுமார் ஆயிரமாகக் குறைந்துபோயின. புல்வெளி உழப்பட்டது, ஆற்றங்கரைப் பற்றைகள் வெட்டப்பட்டன, வேலி எழுந்தது. பிளம் மரம் வேலியோரத்துக்கும் ஓடைக்கரைக்கும் ஒதுங்கிற்று.

ஆயினும் குடியேறிய உழவர்களும் அதன் அருமையை அறியாதவரல்லர். ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்த பிளம் மரங்கள் உட்பகுதிகளின் கடுங்குளிருக்கும் கடும்வெயிலுக்கும் நோய்களுக்கும் ஆற்றாது பட்டுப்போனபோது, காட்டுப் பிளம் அவர்களுக்குக் கைகொடுத்தது. இதன் தொடர்பாக வேட்டையோடு இணைந்த சுவையான கதையொன்றும் வழங்குகின்றது. 1820 அளவிலே, ரெனசி மாநிலத்து நாஷ்வில் நகரின் அருகே ஒருவர் காட்டு வாத்தொன்றைச் சுட்டு வீழ்த்தினாராம். அவர் மனைவி அதனை அறுத்தபோது இரைப்பையில் ஒரு பிளம் கொட்டை இருக்கக் கண்டு, அதனைத் தோட்டத்தில் ஊன்றி வைத்தாராம். அது முளைத்து மரமாகிக் காய்த்த கனி மிக நன்றாயிருந்தமையால், 'காட்டு வாத்துப் பிளம்' என்ற பெயருடன் நாற்றுப்பண்ணைகள் அதனைப் பரப்பின. கதையின் ஒவ்வொரு கூறும் உண்மையோ அன்றோ, அப்பெயருடைய பிளம் வகை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாடெங்கும் புகழ்பெற்றிருந்தது என்பது உண்மை. பின்னர் தென் டக்கோட்டாவில் நீல்ஸ் ஹான்சன் என்னும் அறிஞர், காட்டுப் பிளத்தின் குளிர் தாங்கும் ஆற்றலையும் ஆசியப் பிளத்தின் பருமனையும் சுவையையும் ஒன்றுசேர்க்க முயன்று, புதிய கலப்பு வகைகள் பலவற்றை உருவாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் வேட்டையைப் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கிற்று. 1900இல் இயற்றப்பட்ட லேசிச் சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலங்களுக்கிடையே வாணிகஞ் செய்வதைத் தடுத்தது. ஆனால் சுடாதே என்று தடுப்பதால் மட்டும் விலங்குகள் பெருகிவிடா என்பது விரைவில் தெளிவாயிற்று. உண்ண உணவும் ஒளிய இடமும் இல்லாத நிலத்தில் சட்டம் என் செய்யும்? 1931இல் ஹேர்பர்ட் ஸ்ரொடார்ட், பொப்வைட் என்னும் காடையினத்தைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். 1933இல் அல்டோ லியோபோல்ட் வேட்டை விலங்குப் பராமரிப்புப் பற்றிய தமது நூலை எழுதினார். விலங்கை அழித்த கோடரியும் கலப்பையும் நெருப்பும் அறிவோடு கையாளப்படின் அவையே விலங்கை மீட்கும் கருவிகளுமாகும் என்பது அவர் கொள்கையின் சாரம். 1937இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதித்த வரிப்பணத்தை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கியது. வேட்டையாடுவோனே காட்டைப் பேணுவதற்கும் பணம் செலுத்துவோன் ஆனான்.

அதே காலத்தில் தென் சமவெளிகள் புழுதிப் புயலால் அல்லலுற்றன. உழுது வெறுமையாக்கிய மண் காற்றிலே பறந்தது. 1934இல் அறிவிக்கப்பட்ட காப்பரண் மரத்திட்டத்தின் கீழ், வட டக்கோட்டாவிலிருந்து ரெக்சாஸ் வரை, 1942க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் வரிசை வரிசையாய் நடப்பட்டன. உயர்ந்த மரங்கள் நடுவிலும், தாழ்ந்த பற்றைச் செடிகள் ஓரத்திலுமாக அவ்வரிசைகள் அமைந்தன. ஓரத்து வரிசைகளிலே காட்டுப் பிளமும் இடம் பெற்றது. ஒரு தலைமுறை வெட்டி எறிந்ததை மறு தலைமுறை அரசாங்கச் செலவில் நட்டதென்பது, மண்ணை மறந்த மக்களுக்கு வரலாறு கற்பித்த பாடம்.

இனி, இன்று வேட்டை நிலம் வைத்திருக்கும் ஒருவர் தம் நிலத்தில் இம் மரத்தை எவ்வாறு அடையாளங் காண்பார் என்பதைப் பார்ப்போம். அதற்கு ஏற்ற காலம் இளவேனில். பெருமரங்கள் தளிர்க்குமுன், இலையில்லாத கிளைகளிலே வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்து, பற்றை முழுவதும் பனி படிந்தாற்போலத் தோன்றும். பூவுக்கு இதழ்கள் ஐந்து. நடுவிலே சூல்தண்டு ஒன்றே. ஒரே இடத்திலிருந்து 2 முதல் 5 வரையான பூக்கள் சிறு காம்புகளில் எழும். கறுப்புச் செரி மரமோ நீண்ட பூந்தாரிலே பூப்பது. அதனால் அதனை எளிதிற் பிரித்தறியலாம். அமெரிக்கப் பிளத்தின் இலை 3, 4 அங்குல நீளமானது. விளிம்பிலே பெரும்பற்களின் மேல் சிறுபற்களாக இரட்டை அரம் போன்ற அமைப்புடையது. சிக்கசோ பிளத்தின் இலை அதனினும் சிறியது, ஒடுங்கியது. நடுநரம்பு வழியே மடிந்து ஓடம் போலத் தோன்றும். முன்னையதன் கனி ஏறக்குறைய ஓர் அங்குலப் பருமனாய், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிற் பழுக்கும். பின்னையதன் கனி சிறிது. கோடையின் தொடக்கத்திலேயே பழுக்கத் தொடங்கும். இரண்டும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். உள்ளே ஒரே கொட்டை.

முள்ளைக் கண்டு மயங்குவாரும் உளர். ஹோதோர்ன் மரத்திலும் முள் உண்டு. ஆனால் அது மொட்டோ இலைத்தழும்போ இல்லாத வழுவழுப்பான ஊசி முள். பிளத்தின் முள், கூராய் முடியும் குறுங்கிளையே. அதன்மேல் மொட்டுகளைக் காணலாம். ஹோதோர்னின் கனியோ சிறு ஆப்பிள் போன்றது. இவற்றைவிடப் பெரிய மயக்கம் தருவது கலரிப் பேரி மரம். சீனாவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொண்டுவரப்பட்டு, 1963இல் பிராட்போர்ட் என்ற பெயரில் அழகு மரமாக வெளியிடப்பட்ட இது, பறவைகளால் பரவி, கைவிடப்பட்ட வயல்களை முட்காடாக்கி விட்டது. இதுவும் இளவேனில் தொடக்கத்தில் வெள்ளையாகப் பூப்பதால், தொலைவிலிருந்து பார்ப்போர் பிளம் என்றே எண்ணிவிடுவர். அருகிற் சென்று நோக்கின் வேறுபாடு தெரியும். பேரிப் பூவிலே சூல்தண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அதன் மணம் நாற்றத்தை ஒத்தது. காய் சிறிதாய்க் கபில நிறமாய்க் கடினமாயிருக்கும். 2023இல் ஒகாயோவும், 2024இல் பென்சில்வேனியாவும் தென் கரோலைனாவும் இதன் விற்பனைக்குத் தடை விதித்தன. அவசரத்தில் பிளத்தை வெட்டிப் பேரியைக் காத்து நிற்பவன், தன் நிலத்துக்குத் தானே கேடு தேடியவனாவான்.

அடையாளங் கண்ட பின் அதனை ஊக்குவிப்பது எங்ஙனம்? முதல் வேலை வெயிலைத் திறந்துவிடுதல். பற்றையை மூடி நிற்கும் பெருமரங்களை, சிறப்பாகச் சமவெளிகளிலே பெருகிவரும் செஞ்சீடர் மரங்களை வெட்டி அகற்றினால், நெடுநாள் காய்க்காத பிளமும் மறுபடி காய்க்கத் தொடங்கும். இரண்டாவது, அதன் வேர்கள் பரவி எழுப்பும் கன்றுகளை ஆண்டுதோறும் புல்வெட்டும் பொறியால் சிதைக்காது விடுதல். அக்கன்றுகளே பற்றையை அகலச் செய்பவை. மூன்றாவது, கால்நடைகள் மிதித்தும் மேய்ந்தும் அழியாதவாறு காத்தல். வாடிய பிளம் இலையைத் தின்னும் கால்நடைக்கு நஞ்சேறும் ஆதலின், இது மரத்துக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் நன்மையே. நெருப்பைப் பொறுத்தவரை அளவு வேண்டும். எரிந்த பற்றை வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் ஓயாமல் எரிக்கப்படும் பற்றை உயர்ந்து காய்க்கும் வயதை எட்டுவதில்லை. ஆகவே நிலம் முழுவதையும் ஒரேயடியாக எரிக்காமல், பகுதி பகுதியாக, ஆண்டுகள் இடைவிட்டு எரிப்பதே முறை. கிளைகளிலே கரிய முண்டுகள் தோன்றின், அவை கருமுடிச்சு என்னும் பூஞ்சண நோயின் அடையாளம். அக்கிளைகளை முண்டுக்குக் கீழே வெட்டி எரித்துவிடல் வேண்டும்.

பற்றை நிறையப் பூத்தும் ஒரு கனியேனும் தராத இடங்களும் உண்டு. இதன் காரணம் அறியத்தக்கது. நூறு தண்டுகள் கொண்ட பற்றையாயினும், அவை யாவும் ஒரே வேரிலிருந்து எழுந்தனவாயின் அது உண்மையில் ஒரே மரமே. பிளம் மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதில்லை. வேறொரு விதையிற் பிறந்த மரத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. ஆகையினால், தனித்து நிற்கும் பற்றைக்கு அருகே, தொலைவிலுள்ள மற்றொரு பற்றையின் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை நட வேண்டும். விதைகளுக்கும் ஒரு நியதி உண்டு. மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஈரமான குளிரில் கிடந்த பின்னரே அவை முளைக்கும். இலையுதிர் காலத்தில் ஊன்றினால் மாரிகாலமே அப்பணியைச் செய்துவிடும். பழைய ஊர்களுக்கிடையே மக்கள் நடந்து திரிந்த காலத்தில் விதைகளும் அவர்களோடு ஊர்விட்டு ஊர் சென்றிருக்கும். இன்று வயலும் நெடுஞ்சாலையும் பற்றைகளைத் துண்டுபடுத்திவிட்டமையால், அவ்வேலையை நிலத்துக்குரியவரே செய்ய வேண்டியிருக்கின்றது.

இவ்வளவு உழைப்புக்கும் கிடைக்கும் பயன் யாது? தாழ்ந்து அடர்ந்த கிளைகளின் கீழே, தரை ஓரளவு திறந்திருக்குமாதலால், காடைக் கூட்டம் ஓடித் திரியவும், பருந்து வரும்போது மறையவும், கோடை நண்பகலின் வெப்பந் தணியவும் அதனினும் நல்ல இடம் அச்சமவெளியில் அரிது. முட்களினிடையே சிறு பறவைகள் கூடு கட்டும். மானும் நரியும் ரக்கூனும் காட்டு வான்கோழியும் உதிர்ந்த பழங்களைத் தேடி வரும். மாரிகாலத்தில் மான் இளங்கிளைகளைக் கடிக்கும். வேறு பூக்கள் மலராத இளவேனில் தொடக்கத்தில் தேனீக்களுக்கு அது முதல் விருந்து. மான்களைக் கவருவதற்காகச் சாக்குச் சாக்காகச் சோளத்தைக் கொட்டுவோர் உண்டு. சோளம் கொட்டியவன் மறுநாளும் கொட்ட வேண்டும். பிளம் பற்றையோ ஆண்டுதோறும் தானே பந்தி விரிக்கும்.

ஆனால் நேயர்களே, வேட்டைப் பயன் ஒன்றை மட்டும் கொண்டு இம் மரத்தை மதிப்பிட்டுவிட்டால் நாம் அதன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுவோம். வட அமெரிக்காவின் தென்புலத்திலே, யாருமற்ற வெளியொன்றில், நேரில்லாது வட்டமாய்ப் படர்ந்த பிளம் பற்றை ஒன்று நிற்குமாயின், அது நரியோ பறவையோ விட்டுச்சென்ற விதையாகவும் இருக்கலாம். மக்கள் குடியிருந்து அகன்ற ஊரொன்றின் எஞ்சிய அடையாளமாகவும் இருக்கலாம். அவ்வூரின் வீடுகள் மண்ணோடு மண்ணாயின. பானையின் ஓடுகள் மண்ணுக்கடியிற் கிடக்கின்றன. உடன்படிக்கைகளின் ஏடுகள் அரசாங்கப் பெட்டகங்களிலே துயில்கின்றன. மரம் மட்டும் ஒவ்வோர் இளவேனிலிலும் பூக்கின்றது. அத்தகைய இடத்தைப் பொறிகொண்டு வழித்துத் தள்ளுபவன், தான் படிக்காத ஏடொன்றைத் தீயிலிடுபவனை ஒப்பான்.

பாட்ரம் தம் குதிரையிலிருந்து இறங்கி, கைவிடப்பட்ட வயலிலே நின்ற மரத்தை நோக்கி, 'இதனை இங்கே கொண்டுவந்தவர் யார்?' என்று தம்முள் வினவியிராவிடின், அம் மக்களின் பயிர்த்தொழிலைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பகுதி குறைந்திருக்கும். அவ்வினா இன்றும் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றது. தம் நிலத்தில் நிற்பது என்ன மரம், அதனை அங்கே பேணியவர் யார், தமக்குப் பின் அதன் கனியை உண்ணப்போவது யார் என்பவற்றை அறிந்து கோடரியை எடுப்பவர், வேட்டை நிலத்தை மட்டுமன்றி வரலாற்றையும் காப்பவராவர். கோடரியின் முன் கண்ணைச் செலுத்துதல் நலம். வெட்டிய பின் மரத்தின் பெயரை அறிவதால் பயனில்லை.